ரேடியோ அக்கா வாய் திறக்கவில்லை

"இது உங்களோட இருக்கட்டும்க்கா. வெளியே போச்சுன்னா என் வேலை காலி."

துணிக்கட்டுகளுக்குப் பின்னால் நின்று சூப்பர்வைசர் குசுகுசுத்தார். விஷயம் இதுதான்: சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்குப் போனதும் லாரி வரும். தையல் மிஷின்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். எதற்கு என்று அவள் கேட்பதற்குள் மாடிப்படியில் முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் நழுவிவிட்டார்.

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் அவளுக்கு ரேடியோ அக்கா என்றுதான் பெயர். அவள் காதில் ஒன்றைப் போட்டால், டீ ஆறுவதற்குள் வாட்ச்மேன் வரைக்கும் போய்விடும். அவளிடம் போய் ரகசியம் சொன்னாரே, மனுஷனுக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா என்று அவளுக்கே ஆச்சரியம். ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்துபோனாள். இதற்கு முன் அவளை நம்பி யார் என்ன சொன்னார்கள்?

புது மிஷின் போடப்போகிறார்கள், வேறென்ன! பழசெல்லாம் நூலைத் தின்கிற சனியன்கள் என்று எல்லோரும் கரடியாய்க் கத்தியது ஒருவழியாக முதலாளி காதில் விழுந்துவிட்டது.

நாக்கு துறுதுறுத்தது. பக்கத்து மிஷினில் அவள் தங்கை, காலர் தைத்துக்கொண்டிருந்தாள். கூடப்பிறந்தவள், ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் வேறு கம்பெனியில் வேலை கேட்டுப் போனதை அக்கா ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். அது முதலாளி வரைக்கும் போய், தங்கை எல்லார் முன்னாலும் அழுது மன்னிப்புக் கேட்கும்படி ஆகிவிட்டது. அன்றைக்கு அவள் சொன்னது இன்னும் நெஞ்சில் தைத்துக்கொண்டிருந்தது.

"சிறுத்தைக்கு உடம்புல இருக்கற புள்ளி போகவே போகாதுன்னு இங்கிலீஷ்ல ஒரு பழமொழி இருக்கு. உன் வாயும் அப்படித்தான்க்கா. செத்தாலும் மாறாது."

மாறிக் காட்டுகிறேன் பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பட்டன் தைத்தாள். கூடப்பிறந்தவளைத் திரும்பப் பெற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

சாப்பாட்டு நேரம்தான் கண்டம். என்னக்கா, ரேடியோ ரிப்பேரா என்று ஒருத்தி சீண்டினாள். வாய் திறந்தால் வந்துவிடும் என்று பெரிய பெரிய கவளமாக அள்ளிப் போட்டுக்கொண்டாள். புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டாளே தவிர, ஒரு வார்த்தை வெளியே விடவில்லை.

சூப்பர்வைசர் சும்மாச் சும்மா வந்து ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துவிட்டுப் போனார். மனுஷனுக்குச் சட்டையெல்லாம் வியர்வை. பாவம், பயந்து சாகிறார் என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது. சாயங்காலம் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"யார்கிட்டயும் சொல்லலையா?"

பெருமையாகத் தலையை ஆட்டினாள்.

"ஒருத்தர்கிட்டகூடவா?"

தாலியைத் தொட்டுச் சத்தியம் செய்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். படியில் முதலாளி நின்றிருந்தார். சூப்பர்வைசர் அப்படியே வாயை மூடிக்கொண்டு நகர்ந்தார்.

மணி அடித்ததும் எல்லோரும் கலைந்தார்கள். கேட் தாண்டியதும் அவள் தங்கையின் கையைப் பிடித்தாள். நாளைக் காலையில் உனக்கு ஒன்று தெரியும், அதற்கப்புறம் என் வாயைப் பற்றிப் பேசு என்றாள். தங்கை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, கையை உதறவில்லை. தெருமுனை வரைக்கும் அப்படியே நடந்தார்கள். அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

மறுநாள் காலை கேட்டில் புதுப் பூட்டு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஹால் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது. மிஷினும் இல்லை, முதலாளியும் இல்லை. வேலையும் போச்சு, மாதச் சம்பளமும் போச்சு என்று பெண்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். தங்கை கேட் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

மதிலோரம் சூப்பர்வைசர் தலையில் கைவைத்து நின்றார். அவள் ஓடினாள். "சத்தியமா நான் யார்கிட்டயும் மூச்சு விடலை சார்."

"தெரியும்க்கா. நானே வெளிப்படையாச் சொன்னா முதலாளி என்னைத் தீர்த்துக் கட்டிடுவார். உங்க காதுல போட்டா சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும், கேட்டுல உக்காந்து லாரியை மறிச்சிடுவாங்கன்னுதானே, இத்தனை பேர்ல உங்களைத் தேடிப் பிடிச்சுச் சொன்னேன்."