கொதிக்கிற வண்டி

ரேடியேட்டர் கொதித்து நடுவழியில் வண்டி நின்றதற்குச் சந்தோஷப்பட்ட ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

ஜீவமணி சந்தோஷப்பட்டாள். அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. மூன்றாவதுக்கும் மனசுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பெற்று நாற்பத்தைந்து நாள். உடன்குடியில் தாய்வீட்டிலிருந்து முத்தையாபுரத்துக்குக் கூட்டிப்போக, மாமனார் ஜேசுபாதம், வாடகைக்கு ஓட்டுகிற அம்புரோஸின் பிளஷர் காரைப் பிடித்து வந்திருந்தார். மாமியார் காலில் கட்டோடு படுக்கை. ஆகவே வண்டியில் வேறு பெண்துணை இல்லை.

உடம்பு இன்னும் தேறவில்லை. கால் மணிக்கு, அரை மணிக்கு ஒரு தரம் ஒதுங்கியாக வேண்டும். அடக்கவும் முடியாது. முன் சீட்டில் கோயில் பெஞ்சில் இருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற மாமனாரிடம் அதை எந்த வாயால் சொல்ல?

பரமன்குறிச்சி தாண்டியதும் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்தாள். தேரிக்காட்டுச் செம்மணலில் பனைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் மிதந்து போயின. அப்போதுதான் வண்டி ஓரங்கட்டி நின்றது.

"கொதிக்கு அண்ணாச்சி," என்றான் அம்புரோஸ். "ஆறக் கால் மணி ஆகும். தாயி, பிள்ளைய தாத்தாகிட்ட குடுத்துட்டு கொஞ்சம் நடந்துட்டு வாங்க. அந்த உடைமரத்துக்கு அங்கிட்டு நல்ல நிழல்."

ஓடாத குறையாகப் போனாள். திரும்பி வந்தபோது மாமனார் பேரனை மடியில் வைத்துக்கொண்டே விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்.

"ஏன் கொதிக்கு?"

"எஞ்சினச் சுத்தித் தண்ணி ஓடுதுல்லா அண்ணாச்சி. சூட்டையெல்லாம் அது வாங்கிட்டு ரேடியேட்டருக்கு வரும். இங்கன காத்துல ஆறிட்டு மறுபடி உள்ள போவும். தண்ணி குறைஞ்சா சூட்ட வாங்க ஆளில்ல."

"எனக்கே பாடம் எடுக்கியால? துறைமுகத்துல இழுவைப் படகு எஞ்சினோட முப்பது வருசம் கிடந்தவன் நான். ஏன் குறைஞ்சுது, அதச் சொல்லு. உப்புத்தண்ணி ஊத்தினியோ?"

அம்புரோஸ் தலையைச் சொறிந்தான். "ஆமா அண்ணாச்சி. அவசரத்துக்கு ரெண்டு குடம் ஊத்திட்டேன்."

"வெளங்கும். குழாயெல்லாம் உப்புப் பிடிச்சு அடைச்சிருக்கும். வண்டியால இது, டீக்கடை பாய்லர்."

அம்புரோஸ் தண்ணி டின்னைத் தூக்கிக்கொண்டு பானட் பக்கம் போனான்.

வண்டி மறுபடி கிளம்பியது. பிள்ளை பால் குடித்துத் தூங்கிப்போனான். கடற்காற்று முகத்தில் படப்பட ஜீவமணிக்கும் கண் சொருகியது. அரைத்தூக்கத்தில் அந்தத் தண்ணிதான் அவளுக்குள் ஓடியது. இருட்டுக்குள்ளே சுற்றிச் சுற்றி, இருக்கிற சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் காற்றுக்கு வந்து, ஆறி, மறுபடி உள்ளே. கண் விழித்தால் இருபக்கமும் ஆறுமுகநேரி உப்பளம். வானம் பாதி மேலே, பாதி பாத்திக்குள்ளே கிடந்தது. வயிற்றுக்குக் கீழே மறுபடியும் அதே பாடு.

உப்பளம் முடிந்து ஒரு பனங்கூட்டம் வந்த இடத்தில், சொல்லிவைத்த மாதிரி வண்டி நின்றது.

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு இறங்கினாள்.

இந்தத் தடவை ஜேசுபாதத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏலே, இன்னொரு தடவ நின்னுது, இறங்கி பஸ்ல ஏறிருவேன். உடன்குடிச் சந்தையில ஒருத்தன் உன் வண்டிய ஏறிட்டுப் பாக்காதபடி சொல்லியும் வைப்பேன்."

ஜீவமணிக்குத் திக்கென்றது. பஸ்ஸா? அந்த நெரிசலில், நிறுத்தச் சொல்ல நாதியில்லாமல், முத்தையாபுரம் வரைக்கும் எப்படிப் போய்ச் சேர்வது?

ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால் ஓரம் மூன்றாவது தடவையும் நின்றது.

அவள் வாழைமறைவுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஜேசுபாதமே கீழே இறங்கி நிற்பது தெரிந்ததும் வேலியோரமே நின்றுவிட்டாள். பத்தடி தூரம். பானட் திறந்திருந்தது.

"ரேடியேட்டர் மூடியத் திறலே. நானே பாக்கேன்."

அம்புரோஸ் தயங்கித் தயங்கிச் சாக்கை வைத்துத் திறந்தான். சீறவில்லை. புஸ்ஸென்று ஆவி கிளம்பவில்லை. ஜேசுபாதம் தகர டின்னை வாங்கிச் சாய்த்தார். ஒரு மிடறுகூட உள்ளே இறங்கவில்லை. எல்லாம் வழிந்து ரோட்டில் ஓடியது.

"மூணு தடவ கொதிச்ச வண்டியில சொட்டுத் தண்ணி குறையலயேலே."

ரேடியேட்டர் வாயில் நின்ற தண்ணியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார். "உப்பும் இல்ல. மழைத்தண்ணி." குனிந்து ஃபேன் பெல்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். புதுசு. "என்னலே விளையாட்டு இது?"

அம்புரோஸ் குரலைத் தாழ்த்தினான். "கண்ணாடியில உங்க மருமக முகத்தப் பாத்தேன் அண்ணாச்சி. எம் பொண்டாட்டிக்கும் பிள்ள பெத்த புதுசுல இந்தப் பாடுதான். ஒதுங்கணுமா தாயின்னு கேட்டு நிறுத்துனா உங்க முன்னால கூசிப் போகும்லா. அதான், பழிய வண்டி மேல போட்டேன்."

ஜீவமணிக்குக் காதுமடல் சுட்டது. வந்த வழியே வாழைக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

பேரன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த ஜேசுபாதத்தின் கை நின்றது. ரோட்டில் ஓடிய தண்ணியைப் பார்த்தார். பிறகு கை மறுபடி தட்ட ஆரம்பித்தது.

அவள் இருமிக்கொண்டே வந்தாள். மாமனார் திரும்பவே இல்லை. ஊருக்கே கேட்கிற மாதிரி அம்புரோஸைத் திட்டினார்: "வண்டியாம் வண்டி. இத நம்பிப் பச்சப்பிள்ளையோட வந்தோம் பாரு. நீ ஏறிக்கோ தாயி, இவன் ஆத்திட்டு வரட்டும்."

பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். தூக்கி நின்ற பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, மாமனார் தணிந்த குரலில் சொன்னது அவளுக்கும் கேட்டது.

"ஏலே அம்புரோஸ், பழையகாயல் தாண்டிட்டா ஒரே வெட்டவெளி, மறைவே கிடையாது. அதுக்கு முந்தி ஒரு தடவ கொதிக்க வச்சிருடே."