முப்பதுக்கு இறங்காத சிலிண்டர்

வீட்டிலேயே காய்ச்சிய கறுப்பு பீர், வாரக்கணக்காய்ப் பீப்பாய்க்குள் பொறுமையாகக் கிடந்தது. இன்றைக்கு விருந்து. நல்லபடியாகக் கோப்பைக்குப் போனால் பிறவிப்பயன், சொதப்பினால் சாக்கடை. அதைக் குழாய்க்குத் தள்ளிவிட வந்தவரோ நைட்ரஜன் சிலிண்டர் ஐயா. அவர் நின்ற நிற்பைப் பார்த்தால் விருந்தே அவருக்குத்தான் என்று தோன்றும்.

"அண்ணே, அழுத்தம் முப்பது பவுண்டுல நிக்கட்டும்," என்றது அவர் கழுத்தில் அழுத்தத்தை அடக்க மாட்டியிருந்த ரெகுலேட்டர். "குழாய் மூக்குல ஊசித் துளைதான். பதமா வந்தாத்தான் மேலே நுரை ஆடையாட்டம் கட்டும்."

"முப்பதா? எனக்கா? என் வயித்துல ரெண்டாயிரம் இருக்குடா, பொடியா! எங்க பரம்பரையிலேயே யாரும் முப்பதுக்கு இறங்கினதில்ல."

"ஐயா, எனக்கு முப்பதே போதுங்க," என்று கெஞ்சியது பீர்.

"குடிக்கப்படுற உனக்கென்ன பேச்சு?"

ரெகுலேட்டரின் திருகை இடித்துத் தள்ளிவிட்டு, உஸ்ஸ்ஸென்று ஒரே மூச்சாய் ஊதினார் ஐயா. பீர் சீறிப் பாய்ந்து விருந்தாளியின் மூக்குக்கண்ணாடியில் அப்பியது. கோப்பையில் வெறும் நுரை. வீட்டுக்காரர் அதை நக்கிப் பார்த்தார். "பீர் சரியில்லப்பா," என்று பீப்பாயைத் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தார்.

சாக்கடைக்குள் இறங்கும்போது பீரின் காதில் சிலிண்டர் ஐயாவின் குரல் விழுந்தது: "நான் மட்டும் இல்லேன்னா, இது பீப்பாயை விட்டே வெளியே வந்திருக்காது!"