அடுத்து வருபவருக்கு

'மணி என்னாச்சு? சாப்பிடாம உக்காந்து என்ன கிழிக்கப் போற? எந்திரி.'

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த ஒற்றை அறையில் அவனைத் தவிர ஈ காக்கை கிடையாது. கையிலிருந்த போனில், கம்ப்யூட்டர் புரோகிராம் வரிகளுக்கு நடுவே, அந்த அதட்டல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

புரோகிராம் எழுதுகிறவர்கள் அடுத்து வருபவருக்காக நடுநடுவே குறிப்பு எழுதி வைப்பது வழக்கம்தான். ஆனால் 'இந்த வரியைத் தொடாதே' என்பார்களே தவிர, சாப்பாட்டைப் பற்றி யாரும் கேட்டு அவன் பார்த்ததில்லை. வெளியிலும் அப்படிக் கேட்க அவனுக்கு ஆள் இல்லை.

லேப்டாப் பழுதாகிக் கடைக்குப் போயிருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. பல வருடமாக யாரும் தொடாத பழைய ஃபைல் ஒன்றில் கோளாறு, இன்றே சரிசெய்தாக வேண்டும். போனில் ஏதோ ஒரு ஆப்பில் அதைத் திறந்தால் கீபோர்டு பாதித் திரையை விழுங்கியது. மீதிப் பாதியில் ஒரு வரியில் விரலை வைத்தால் பக்கத்து வரி அழிந்தது.

எழுந்து போய்ச் சாப்பிட்டான். திரும்பி வருவதற்குள் அந்த ஆப் அதுவரை திருத்தியதையெல்லாம் மறந்துவிட்டு முதல் வரியில் போய் நின்றது.

"நீயெல்லாம் என்னத்தக் கிழிக்கப் போற?" என்று வழக்கம்போல் போனைத் திட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தான்.

கொஞ்சம் கீழே இன்னொன்று. 'இந்நேரம் இடுப்பு பிடிச்சிருக்கும். நாலு எட்டு நடந்துட்டு வா.'

இடுப்பு உண்மையிலேயே பிடித்திருந்தது. இது எப்படித் தெரிந்தது என்று வியந்தபடியே நடந்தான்.

கடைசிப் பக்கத்தில், 'இன்னிக்கு முடியலன்னா ஒண்ணும் குடி முழுகிடாது' என்று இருந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ ஒரு புண்ணியவதி என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டான்.

லேப்டாப்பாக இருந்தால் எந்த வரியை யார் எழுதியது என்று பக்கத்திலேயே காட்டும். இந்தத் துக்கடா ஆப்பில் அதற்கு இடமில்லை. அலமாரியில் தூசி படிந்து கிடந்த இரண்டாவது கப்பை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆபீசில் உடன் வேலை செய்யும் பெண்ணுக்குப் போன் போட்டான்.

"ஏம்மா, இந்தப் பழைய ஃபைல்ல குறிப்பெல்லாம் யாரு எழுதினது? போன்ல பேரு காட்டல."

"இருங்கண்ணா, என் சிஸ்டத்துல பாக்கறேன்."

"அவங்க இன்னும் நம்ம ஆபீஸ்லதான் இருக்காங்களா? ஒரு நாள் வீட்டுக்கு டீ குடிக்கக் கூப்பிடலாம்னு..."

மறுமுனையில் அவள் சிரித்துவிட்டாள்.

"போங்கண்ணா, நீங்க எழுதினதையே என்கிட்ட கேக்கறீங்க."