களத்துக்கு முதுகு

“பயிற்சியாளர் படிப்புல என்னைச் சேத்துவிடுங்க, தலைவரே.”

கேட்கவே கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்ததை சே-ரின் கேட்டுவிட்டாள். ஜோன்ஜு நகர மாற்றுத்திறனாளிகளின் போச்சியா பந்துருட்டு விளையாட்டுச் சங்கத்தின் தலைவர் பியோ சிரித்தார்.

“வீட்டுல முதல் பட்டதாரின்னா நாக்கு இவ்வளவு நீளுமா?”

“விளையாட்டு அறிவியல் படிச்சிருக்கேன். எந்தப் பந்து எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும்.”

“சங்கத்துக்கு ஒரு இடம்தாம்மா. நம்ம சாம்பியனை உருவாக்கினவங்களுக்கு அதைக் கொடுத்தாச்சு.”

“உருவாக்கினது யாரு?”

அவர் அவள் தலைக்கு மேலே பார்த்தார். சாம்பியன் சே-ரினின் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி பின்னால் அம்மா நின்றிருந்தாள்.

“கேக்காதேன்னு சொன்னது இதுக்குத்தானாம்மா?”

“நான் கேக்கலடி. அவங்களா கொடுத்தாங்க. எனக்குன்னு இதுவரைக்கும் யாரு எதைக் கொடுத்தாங்க?”

“இத்தனை வருஷமா களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நான் பந்து உருட்டுற சரிவுப்பலகையை நான் சொன்ன பக்கம் நகர்த்தினே. நான் உருட்டின ஒரு பந்தையாவது பாத்திருக்கியாம்மா?”

“உதவியாளர் திரும்பிப் பார்த்தா தப்பாட்டம். உனக்காகத்தானே திரும்பாம இருந்தேன்?”

“நாளைக்குப் பலகை நகர்த்த வேற ஆளைக் கூட்டிட்டு வரேன். நீ பயிற்சியாளர் இடத்துல உட்கார்ந்து நல்லாப் பாரு.”

சே-ரின் மோவாய்க்கு அருகிலிருந்த, நாற்காலியை ஓட்டும் குமிழைத் தள்ளினாள். நாற்காலியின் பிடி அம்மாவின் கையிலிருந்து நழுவியது. வாசலைத் தாண்டும்போது சே-ரின் திரும்பிப் பார்க்கவில்லை.