யாரும் கூப்பிடாத நாற்பது வரிகள்

நிரஞ்சன் அனுப்பிய திருத்தம் நாங்கள் உருவாக்கும் எடிட்டர் என்ற எழுதும் மென்பொருளின் நிரலிலிருந்து நாற்பது வரிகளை அழித்திருந்தது. "குப்பையைக் கூட்டியாச்சு. நிரல் முழுக்கத் தேடிவிட்டேன், இந்த வரிகளை யாருமே கூப்பிடவில்லை" என்று மேலே ஒரு குறிப்பு. மூன்று பேர் கண்ணால் மேய்ந்துவிட்டுக் கட்டைவிரலும் தூக்கியிருந்தார்கள். சரி சொல்ல வேண்டிய கடைசி ஆள் நான். எனக்குப் பார்வை கிடையாது. அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் கணினி வாய்விட்டுச் சொல்ல, அதைக் கேட்டுத்தான் வேலை செய்கிறேன். அந்தக் குரல் வேறொரு தனி மென்பொருள்; அது வெளியிலிருந்து வந்து எங்கள் எடிட்டரைத் தட்டுகிற கதவே அந்த நாற்பது வரிதான். வீட்டுக்குள்ளேயே தேடினால் வாசலில் நிற்பவள் எப்படிக் கிடைப்பாள்? திருத்தத்தைப் போட்டு எடிட்டரைத் திறந்தேன். குரலிடம் பேச்சு மூச்சில்லை. அதிலேயே மறுப்பை எழுத உட்கார்ந்தேன். விசைப்பலகை தமிழில் இருக்கிறதா, ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று சொல்லக்கூட நாதியில்லை. வாயில் வந்ததையெல்லாம் விரலால் கொட்டினேன், இரண்டு பக்கமாவது இருக்கும். அப்படியே அனுப்பினேன்.

பத்தே நிமிடத்தில் நிரஞ்சனிடமிருந்து போன்.

"ஜெசிந்தா மேடம், என்னத்த அனுப்பியிருக்கீங்க? ஒரு வார்த்தைகூடப் புரியல. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்திருக்கலாமே?"

"உங்க புது எடிட்டர்லதான் அடிச்சேன்" என்றேன். "நீங்களே வாசிச்சுக் காட்டுங்க, ஒரு எழுத்து விடாம. நான் கேக்குறேன்."