கருவேல மரம் வரைக்கும்

“அதுக்குள்ள கையைத் தூக்கிட்ட? நின்னுருச்சா நூரு?”

“நின்னுருச்சு மச்சான். ஆடவே இல்லை.”

ஹுமாயூன் ரிமோட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வறண்ட கண்மாயின் நடுவே அவளிடம் திரும்பி வந்தான். பின்னால் செண்பகத்தோப்பு மலை. நூர்பானு தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, பொம்மை ஹெலிகாப்டரை ஒரு கையால் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சார்ஜாவிலிருந்து எல்லாரும் டேப் ரிக்கார்டரோடு வந்து இறங்குவார்கள். அவள் புருஷன் இதோடு வந்து இறங்கினான். இராஜபாளையத்தில் தெருவே சிரித்தது. “நம்ம மலைக்கு முன்னால இது ஒரு தடவை பறக்கணும். பொறவுதான் திரும்பிப் போற டிக்கெட்டுக்குத் தேதி போடுவேன்” என்று வீட்டில் சொல்லிவிட்டான். அந்தப் பேச்சை நூர்பானு கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி ஏழு வருஷம். அவன் கூட இருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருஷம் தேறாது. இது பறந்தால் அவனும் பறந்துவிடுவான்.

பறக்கவிடுமுன் ஒரு சோதனை உண்டு. ரிமோட்டின் ஏரியலை உள்ளே தள்ளிவிட்டு, ரிமோட்டின் கட்டுப்பாட்டுக் குச்சியை அசைத்துக்கொண்டே ஒருவர் தூரமாக நடக்க வேண்டும். ஹெலிகாப்டரின் இறக்கைக்குக் கீழே உள்ள வட்டத் தட்டு அதற்கேற்ப ஆடும். ஆட்டம் நின்றால் பக்கத்தில் இருப்பவர் கையைத் தூக்க வேண்டும். கருவேல மரம் தாண்டியும் ஆடினால்தான் மேலே ஏற்றலாம்.

தினமும் அவன் மரத்தை நெருங்கும்போது, தட்டைப் பார்க்காமலே நூர்பானு கையைத் தூக்கிவிடுவாள். அவன் வந்து ஒயரை மாற்றிக் கட்டுவான். இன்னொரு நாள் கிடைக்கும்.

இன்று ஒயரைக் கட்டியபடியே சொன்னான். “சார்ஜா கம்பெனியிலேருந்து, கூட வேலை பாக்குற அய்யூப் அண்ணனுக்குப் போன் வந்துச்சாம். இந்த வாரம் வரலேன்னா என் வேலைக்கு வேற ஆளைப் போட்டுருவாகளாம்.”

நூர்பானு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தன் ஆசைக்கு அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவதா?

“இன்னொரு தடவை நடந்து பாருங்க மச்சான்.”

“இப்பவா? நாளைக்குப் பாத்துக்கலாமே.”

“இல்லை, இப்பவே போங்க.”

அவன் மனமில்லாமல் நடந்தான். மரத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தான். அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். மரத்தைத் தாண்டினான். மறுபடியும் திரும்பிப் பார்த்தான். அவளுக்கு அழுகை முட்டியது. கை மட்டும் எழவில்லை. கண்மாய்க் கரை வரை போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

“என்ன நூரு, கையைத் தூக்கவே இல்லை?”

“நின்னாத்தானே தூக்க? கரை வரைக்கும் அழகா ஆடுச்சு மச்சான்.” ஹெலிகாப்டரை அவன் பக்கம் நகர்த்தினாள். “போயி டிக்கெட்டுக்குத் தேதி போட்டுருங்க.”

“ஆடுச்சா?”

“என் கண்ணால பாத்தேன்.”

“ஏட்டி, நீ எங்க தட்டைப் பாத்த? என்னையத்தானே பாத்துக்கிட்டு இருந்த?”

நூர்பானு தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹுமாயூன் அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். ரிமோட் பெட்டியின் பின்மூடியைக் கழற்றி, காலியாகக் கிடந்த உள்பக்கத்தை அவளிடம் காட்டினான். பிறகு கைலி மடியை அவிழ்த்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த பேட்டரிகளை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

“மொத நாளைக்குப் பொறவு, ஒரு நாள்கூட நான் இதைப் போடவே இல்லை நூரு.”