துரை சுரண்டிய வரி

மேசை மேலிருந்த மைக்கூடு, ஹார்வுட் துரையைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் பேனாக்கத்தியால், தோல்தாளில் எழுதிய தன் உயிலில் ஒரு வரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். 'என் காலத்துக்குப் பின் அடிமைச் சமையல்காரி டைனாவுக்கு விடுதலை' என்ற வரி அது.

"மறுபடியுமா?" என்று மைக்கூடு கத்தியிடம் சீறியது. "சட்டசபைக்குப் போனப்போ எழுதினாரு, சுரண்டினே. கவர்னர் ஆனப்போ எழுதினாரு, சுரண்டினே. தூதராக் கப்பலேறினப்போவும் இதே கூத்து. வெட்கமாயில்லே?"

"என்னை ஏம்ப்பா திட்டுறே? முதல்லே ஓட்டுப் போயிடும்னாரு. அப்புறம் கூட்டாளிங்க கோவிச்சுக்குவாங்கன்னாரு. இப்போ பதவியும் இல்லே, மருமகன் முகம் சுளிப்பாராம்."

"மனுஷங்க எல்லாரும் சமம்னு ஊரைக் கூட்டி முழங்கினாரே, அந்தப் பேச்சையும் என் மையிலேதான் எழுதினாரு. அதிலே ஒரு எழுத்தையாவது சுரண்டினியா?"

"அதுக்குக் கைதட்டினாங்களே!" என்று கத்தி சிரித்தது.

அப்போது டைனா தேநீர்க் கோப்பையோடு வந்தாள். மேசையில் சிதறிக் கிடந்த, சுரண்டிய மைத்தூளைப் பார்த்து, "எப்பப் பாரு குப்பை" என்று முணுமுணுத்தபடி துடைத்து ஜன்னலுக்கு வெளியே உதறினாள். மைக்கூடு தொண்டை கிழியக் கூவிப் பார்த்தது. அவள் காதில் விழவில்லை.

துரை மறுநாள் காலை இறந்தார். டைனாவை மருமகன் தன் பண்ணைக்குக் கொண்டுபோனான்.

உயில் எழுதிய தோல்தாள் இன்னும் இருக்கிறது. நான்கு தடவை சுரண்டிய இடம் மட்டும் மெலிந்துபோய், அதன் வழியாக வெளிச்சம் தெரிகிறது.